ஒரு சுருட்டுப் பெட்டியும் எழுபது சதவீத ஈரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், ஒரு கால் மணி நேரம் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "சுருட்டு வைக்கிற பெட்டியைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ஸ்டூடன்ட்ஸும் வர்றாங்களே சார்" என்றார். "அவங்களுக்காகத்தான் சார்" என்றேன். பாவம், நம்பி மேடை கொடுத்திருக்கிறார்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டு உடம்புக்கு நல்லதல்ல. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டுவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வர அது காரணமாகிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே குடிக்கச் சொல்லி யாரையும் நான் தூண்டவில்லை. என் பேச்சு பெட்டியைப் பற்றியது. அந்தப் பெட்டியில் நான் தோற்றுப்போன கதையைப் பற்றியது. வேதியியல் பட்டம் வாங்கிய ஒருவன் வேதியியலிலேயே எப்படித் தோற்றான் என்பது மாணவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

சுருட்டு நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். லண்டன் வரை போன பெயர் அது! என் தாத்தா சுருட்டை மடியில் வைத்திருப்பார். காலையில் கடையில் இரண்டு வாங்குவார், மாலைக்குள் தீர்ந்துவிடும். அவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. வாங்கினதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று வரும்போதுதான் பெட்டி வருகிறது. அதற்குப் பெயர் ஹியூமிடார். நம் வசதிக்கு ஈரப்பெட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பெட்டிக்கு இருக்கிற மவுசு சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல், ஜான் கென்னடி ஜனாதிபதியாகப் பதவியேற்ற 1961-இல் அவருக்கு ஓர் ஈரப்பெட்டியைப் பரிசளித்தார். 1996-இல் அது நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 5,74,500 டாலருக்குப் போயிற்று. அதே கென்னடிதான் 1962-இல் கியூபா மீது வர்த்தகத் தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவு தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி, 1,200 கியூபா சுருட்டுகளைச் சேகரித்துக்கொண்ட பிறகே பேனாவை எடுத்தாராம். சாலிஞ்சரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அத்தனை சுருட்டையும் கெடாமல் வைக்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்!

இனி என் கதை. நாங்கள் 1986-இல் இங்கிருந்து வெளியேறியவர்கள். விடுதியில் எங்கள் வரிசையில் 25 பேர். என் அறைத்தோழன் இயற்பியல் மாணவன். பிறகு கப்பலில் அதிகாரி ஆனான். 2011 ஜனவரியில் எங்கள் வெள்ளிவிழாச் சந்திப்பு. அதற்கு நான்கு மாதம் முன்பு, 2010 செப்டம்பரில், சென்னையில் என் வீட்டுக்கு வந்தான். கையில் 25 கியூபா சுருட்டுகள். "25 வருஷத்துக்கு 25. ஆளுக்கு ஒண்ணு. நான் மறுபடி கப்பலுக்குப் போறேன். நீ கெமிஸ்ட்ரிக்காரன், பத்திரமா வச்சிரு" என்றான். அந்த 25 பேரில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணித்தான் வாங்கி வந்திருந்தான்.

நான் மறுநாளே போய் ஒரு பெட்டி வாங்கினேன். பளபளவென்று பாலிஷ் போட்டது. முன்பக்கம் பித்தளை வளையத்துக்குள் முள் வைத்த ஈரமானி. உள்ளே ஒரு மேல்தட்டு; மூடியின் உட்புறத்தில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்சுப் பட்டை. 70 சதவீத ஈரம் வேண்டும் என்று படித்திருந்தேன். பட்டையில் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். அன்றைக்கே ஐந்து சுருட்டை மேல்தட்டிலும் இருபதைக் கீழேயும் அடுக்கி மூடிவிட்டேன். மொத்தம் பத்து நிமிட வேலை. முள் 62 காட்டியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். மறுநாள் 64. இன்னும் கொஞ்சம். ஒருவழியாக 70-இல் நின்றது. வெற்றி! அதன் பிறகு தினமும் காலையில் காப்பியோடு போய் முள்ளைப் பார்ப்பேன். கொஞ்சம் இறங்கினால் ஒரு சிரிஞ்சுத் தண்ணீர். கண்ணில் படுவது மேல்தட்டு மட்டும். கீழே பார்க்கத் தோன்றவில்லை. முள்தான் 70 காட்டுகிறதே!

சந்திப்புக்குக் கிளம்புகிற முந்தின இரவு மேல்தட்டைத் தூக்கினேன். கீழே இருபதும் பூத்துக் கிடந்தன. வெள்ளையும் பச்சையுமாகப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை. மேல்தட்டில் இருந்த ஐந்தில் இரண்டில் குண்டூசி குத்தினது போல ஓட்டை. தட்டினால் தூள் கொட்டியது. ஆக, மிஞ்சியது மூன்று. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். அவன் அந்த மூன்றையும் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தான். "தண்ணி ரொம்ப ஊத்திட்டியாடா?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் குற்றவாளியைத் தேடினேன். கிடைத்தது ஒருவர் அல்ல, நான்கு பேர். ஒவ்வொருவராகச் சொல்கிறேன். முதன்முதலாக ஈரப்பெட்டி வைக்கிற யாருக்கும் இந்த நான்கும்தான் பாடம்.

முதல் குற்றவாளி, அந்த முள். கருவி காட்டுகிறது என்பதற்காக நம்பிவிட்டேன். நம் ஆய்வகத்தில் தராசைச் சரிபார்க்காமல் எடை போட்டால் என்ன நடக்கும்? ரெக்கார்டு நோட்டு பறந்து வரும்! ஈரமானியைச் சரிபார்க்கக் கருவியே வேண்டாம், சமையலறை உப்பு போதும். சோடியம் குளோரைடு தன் பூரிதக் கரைசலோடு மூடிய இடத்தில் இருந்தால், அங்கிருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 20 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் ஏறக்குறைய அதே 75தான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, ஏன்? வெளிக்காற்று அந்த 75-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நம் பாட்டிமார் வீட்டில் ஈரமானி இல்லாமல் இல்லை, ஜாடியில் இருந்தது.

செய்முறை இதுதான். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்புங்கள். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு கணக்கைக் கெடுக்கும். சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு நாள் விடுங்கள். திறக்காமலே பாருங்கள். 75 காட்டினால் கருவி யோக்கியம். என்னுடைய பித்தளை வளையம் எவ்வளவு காட்டியது தெரியுமா? 61! பதினான்கு குறைவு. அதாவது, நான் 70 என்று நினைத்துக் காப்பியோடு ரசித்தது உண்மையில் 84. நிலையாக 75-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்கு அழைப்பு. நான் விருந்தே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது குற்றவாளி, என் அவசரம். புதுப் பெட்டியின் மரம் காய்ந்து கிடக்கும். அதன் தாகம் தீரும் வரை பட்டையில் ஊற்றுகிற தண்ணீரையும் இழுக்கும், சுருட்டில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். புது மண்சட்டியைப் பழக்காமல் அன்றைக்கே மீன் குழம்பு வைப்போமா? பெட்டியையும் பழக்க வேண்டும். காலிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தட்டு. அதன் மேல், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த புது ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சு மரத்தில் படக் கூடாது. மூடி வையுங்கள், இரண்டு வாரம். அதற்கென்றே 84 சதவீத உறைகளும் விற்கிறார்கள். ஈரத் துணியால் மரத்தைத் துடைத்தால் சீக்கிரம் ஆகும் என்பார்கள். மரம் வளைந்துகொண்டால் மூடி பொருந்தாது. இரண்டு வாரம் கழித்து ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, பெட்டி 65-க்கும் 70-க்கும் இடையில் தானாக இறங்கி நிற்கும் வரை காத்திருங்கள். அதுவரை சுருட்டு அதன் பழைய உறையிலேயே, மூடின டப்பாவில் இருக்கட்டும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்பக்கம் 'ஸ்பானிஷ் சிடார்' பலகை போட்டிருப்பார்கள். அது ஸ்பெயின் நாட்டு மரமும் அல்ல, உண்மையான சிடாரும் அல்ல. செட்ரெலா ஒடோராட்டா என்ற அமெரிக்க வெப்பமண்டல மரம். தாவரவியல் மாணவர்களே கேளுங்கள், அது நம் வேப்பமரத்தின் குடும்பம், மீலியேசி! ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும், வாசனை நன்றாக இருக்கும். நம் மலைக்காடுகளில் வளரும் தூன் மரமும் அதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் மரப்பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. மூடி இறுக்கமாக அமரும் பிளாஸ்டிக் டப்பா முதல் பெட்டியாகத் தாராளமாக உதவும். மரப்பெட்டி வாங்கினால், டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, இருட்டு அறையில் பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் ஈரமும் அங்கே கசியும்.

மூன்றாவது குற்றவாளி, தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் ஸ்பாஞ்சின் துளைகளை அடைக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். ஆனால் வெறும் தண்ணீர் 100 சதவீதத்தை நோக்கியே தள்ளும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தில் புரோப்பிலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தார்கள். இன்று இருவழி உறைகள் கிடைக்கின்றன. ஈரம் குறைந்தால் தரும், கூடினால் எடுத்துக்கொள்ளும். உறைக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, ஒரு உப்புக் கரைசல்தான். உறையின் சவ்வு நீராவியை மட்டும் போகவர விடும். 25 சுருட்டுக்கு 60 கிராம் உறை ஒன்று. நம் கடற்கரை ஊர்களுக்கு 65 சதவீத உறை பொருத்தம்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வேதியியல் ஆய்வகத்தில் டெசிகேட்டர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கனமான கண்ணாடிப் பாத்திரம், வாசலின் தடவின மூடி, அடியில் கால்சியம் குளோரைடு. மூடியைத் தூக்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்று எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் தொண்டை வற்றக் கத்துவார். மூடிய இடம், அதற்குள் ஓர் உப்பு, அந்த உப்பு தீர்மானிக்கும் ஈரம். டெசிகேட்டர் உலர்த்துகிறது, ஈரப்பெட்டி நடுவில் நிறுத்துகிறது. தத்துவம் ஒன்றே. மூன்று வருடம் தினமும் தொட்ட பாத்திரத்தை, வீட்டுக்கு வேறு பாலிஷில் வந்ததும் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டேன்!

நான்காவது குற்றவாளி, சூடு. அந்தக் குண்டூசி ஓட்டைக்குக் காரணம் லேசியோடெர்மா செரிகார்னே என்ற சின்ன வண்டு. உங்கள் வீட்டு மஞ்சள் கிழங்கிலும் கொத்தமல்லி விதையிலும் துளை போடுவது அதே ஆசாமிதான். முட்டை இலையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்கும். 30 டிகிரி அதற்குச் சொர்க்கம். 20 டிகிரியை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் சுருட்டை இறுக்கமான பையில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். நேராக ஃப்ரீசருக்குப் போனால் மேல் இலை வெடிக்கும்.

பெட்டியை அடிக்கடி இடம் மாற்றவும் கூடாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 21 டிகிரியில் சுமார் 18 கிராம்தான். வெளியே 70 சதவீதத்தில் இருக்கும் காற்றில் 21 கிராம் இருக்கிறது. அதை அடைத்து ஏ.சி. அறைக்குள் கொண்டு போனால் மிச்ச 3 கிராம் எங்கே போகும்? சுவரில் வியர்க்கும், அல்லது மரமும் இலையும் குடிக்கும். ஆகவே எப்போதும் ஒரே சீராகக் குளிர்ந்திருக்கிற அலமாரியே நல்ல இடம். ஃபிரிட்ஜின் தலையும் வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கணக்கு. என் தவறின் வேரே இதில்தான் இருக்கிறது. 10 லிட்டர் பெட்டியில் 21 டிகிரியில், 70 சதவீதத்தில், காற்றில் இருக்கிற நீராவி சுமார் 0.13 கிராம். ஒரு சுருட்டு 10 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு ஈரம் என்று வைத்தால் 25 சுருட்டில் சுமார் 31 கிராம். இருநூறு மடங்குக்கும் மேல்! முள் காட்டுவது காற்றை. சொத்து இருப்பது இலையில். மூடியைத் திறந்தால் முள் விழும். மூடிவிட்டுப் பேசாமல் இருந்தால், இலையும் மரமும் தங்களிடமிருந்து துளி கொடுத்து அதைத் தூக்கிவிடும். நான் அதற்கு விடவில்லை. முள் அசைந்ததும் சிரிஞ்சோடு ஓடினேன். பெட்டி தன்னைத்தானே சரிசெய்துகொள்ள நேரம் கொடுக்காததுதான் என் குற்றம். பிள்ளைகளின் மார்க் ஷீட்டைத் தினமும் கேட்கிற பெற்றோர்கள் இங்கே இருந்தால், நான் சுருட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்!

2013-இல் அறைத்தோழன் மறுபடி வந்தான். இந்த முறை 10 சுருட்டு. "30-ஆவது வருஷத்துக்கு. இதையும் நீயே வச்சுக்க" என்றான். "என்கிட்டயா?" என்றேன். "ஒரு தடவை கெடுத்தவனுக்குத்தான்டா தெரியும்" என்றான். இந்த முறை ஈரமானியை உப்பில் வைத்துப் பார்த்தேன். பெட்டியை இரண்டு வாரம் காலியாகவே பழக்கினேன். என் மனைவி தினமும் கேட்பார், "காலிப் பெட்டியை எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?" பிறகு வாரம் ஒரு முறை மட்டும் திறந்து, மேலிருப்பதைக் கீழும் கீழிருப்பதை மேலுமாக மாற்றி வைத்தேன். மற்ற நாளில் தொடவில்லை. 2016 ஜனவரியில், வளாகத்துக்கு வெளியே ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், பத்தும் பத்தாகத் திறந்தேன். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர் திட்டுவார்" என்று திருப்பித் தந்தவர்களே பாதிப் பேர். ஆறு எரிந்தது. நாலு பெட்டிக்கே திரும்பியது.

அறைத்தோழன் 2019-இல் இதய மருத்துவர் சொன்னதும் புகையை அடியோடு விட்டுவிட்டான். நானும் விட்டேன். அந்த நாலும் 65 சதவீதத்தில் இன்னும் அப்படியே இருக்கின்றன. எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஒருவர் நம்பிக் கொடுத்ததைக் கெடுக்காமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி வேண்டாம், சுருட்டும் வேண்டாம். உப்புச் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் காலையில் ஒரு கண்ணாடி டப்பாவில் ஈர உப்பையும் இரண்டு ஈரமானிகளையும் வைத்து மூடிக் கொண்டு வந்திருக்கிறேன். அதோ, மேடை ஓரத்தில் இருக்கிறது. ஒன்று புதுசு. இன்னொன்று அந்த 2010-ஆம் வருடத்துப் பித்தளை வளையம். டீ இடைவேளையில் வந்து பாருங்கள். மூடியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள்!